இருபது டிகிரிக்கு அப்பால்: வீட்டு இருட்டறையில் கரைசல்களின் சூடு

ஒரே பெட்டியிலிருந்து எடுத்த இரண்டு ஃபிலிம் சுருள்களை, ஒரே டெவலப்பரில் (ஃபிலிமில் பதிந்த படத்தை வெளிக்கொணரும் கரைசல்), ஒரே கால அளவில், இரண்டு வெவ்வேறு நாள்களில் டெவலப் செய்தேன். முதல் சுருள் எதிர்பார்த்தபடியே வந்தது. இரண்டாவதில் வானமும் வெள்ளைச் சுவர்களும் நெகட்டிவில் கன்னங்கரேலென்று கட்டிப்போய், நெகட்டிவைப் பெரிதாக்கித் தாளில் அச்சிடும் என்லார்ஜரின் ஒளி ஊடுருவ மறுக்கும் அளவுக்கு அடர்ந்திருந்தன. முதலில் கேமராவின் ஷட்டரைச் சந்தேகித்தேன். பிறகு ஒளிமானியைச் சந்தேகித்தேன். ஆனால் நிழல் பகுதிகளின் அடர்த்தி இரண்டு சுருள்களிலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்ததைக் கவனித்தபோதுதான், குறை கேமராவில் இருக்க முடியாது என்று புரிந்தது. ஒளி அதிகமாக விழுந்திருந்தால் நிழல்களும் சேர்ந்து அடர்ந்திருக்கும். நிழல் அப்படியே நிற்க, வெளிச்சப் பகுதி மட்டும் ஏறியிருந்தால், ஃபிலிம் டெவலப்பரில் அளவுக்கு மீறி வெந்திருக்கிறது என்று பொருள்.

டெவலப்பரை நான் கவனமாகத்தான் அளந்திருந்தேன். அளவுக் குவளையில் சரியாக 20 டிகிரி செல்சியஸ் காட்டியது. அதை டாங்கில், அதாவது ஃபிலிம் இருக்கும் ஒளிபுகாத மூடிய கலத்தில், ஊற்றிய பிறகு என்ன ஆயிற்று என்பதைப் பார்க்கவே இல்லை. அடுத்த முறை, நேரம் முடிந்து வெளியே ஊற்றிய டெவலப்பரை வாய்க்காலில் விடாமல் குவளையில் பிடித்து அளந்தேன்: 23.5 டிகிரி. அறையின் வெப்பநிலை 31. பத்து நிமிடத்தில் கரைசல் மூன்றரை டிகிரி ஏறியிருந்தது. சராசரியாக 22 டிகிரி என்று வைத்துக்கொண்டாலும், அந்த 10 நிமிடம் 20 டிகிரியில் 11¾ நிமிடம் டெவலப் செய்ததற்குச் சமம். கான்ட்ராஸ்ட், அதாவது வெளிச்சப் பகுதிக்கும் நிழலுக்கும் உள்ள வேறுபாடு, ஏறாமல் என்ன செய்யும்?

இந்தக் கணக்கின் அடிப்படை எளிது. கறுப்பு வெள்ளை ஃபிலிமுக்கான வழக்கமான டெவலப்பர்களில், ஒரு டிகிரி ஏறினால் வினையின் வேகம் ஏறத்தாழ எட்டு அல்லது ஒன்பது விழுக்காடு கூடுகிறது. தயாரிப்பாளர்கள் தரும் அட்டவணைகளிலேயே இதைப் பார்க்கலாம். கோடாக் ட்ரை-எக்ஸ் 400 ஃபிலிமை நீர்க்காத டி-76 டெவலப்பரில் 20 டிகிரியில் 6¾ நிமிடம் வைக்கச் சொல்லும் அதே அட்டவணை, 24 டிகிரியில் 4¾ நிமிடம் போதும் என்கிறது. நான்கு டிகிரிக்கு இரண்டு நிமிடம் குறைகிறது. அப்படியானால் 20 என்ற எண்ணில் மாயம் எதுவும் இல்லை. அது ஒரு பொது உடன்பாடு, அட்டவணைகள் எழுதப்படும் மையப்புள்ளி, அவ்வளவே. டெவலப்பர் 20-இல் இருப்பதைவிட, அது எத்தனையில் இருக்கிறது என்பதை நாம் அறிந்திருப்பதும், தொடக்கம் முதல் முடிவு வரை அங்கேயே நிற்பதும்தான் முக்கியம். இந்தப் பதிவில் நான் சொல்ல வந்தது பெரும்பாலும் இது ஒன்றையே சுற்றிவரும்.

இந்தக் கண்டிப்பு எப்போதும் இருந்ததில்லை. சிவப்பு ஒளியை உணராத பழைய கண்ணாடித் தகடுகளைச் சிவப்பு விளக்கின் கீழ் கண்ணால் பார்த்துக்கொண்டே டெவலப் செய்தார்கள். போதும் என்று தோன்றியதும் எடுத்துவிட்டார்கள். அப்போது கரைசலின் சூடு தெரியாவிட்டாலும் கண் அதை ஈடுகட்டியது. 1890-இல் ஹர்ட்டர், டிரிஃபீல்டு என்ற இரண்டு ஆய்வாளர்கள் தங்கள் ஆய்வை வெளியிட்டு, ஒளியின் அளவுக்கும் டெவலப் செய்யும் நேரத்துக்கும் நெகட்டிவின் அடர்த்திக்கும் உள்ள உறவைக் கணக்காக்கினார்கள். 1906-இல் ராட்டன் அண்டு வெயின்ரைட் நிறுவனம் எல்லா நிறங்களையும் உணரும் பான்குரோமாட்டிக் தகடுகளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அந்தத் தகட்டுக்குச் சிவப்பு விளக்கும் ஆகாது. முழு இருட்டில் வேலை செய்பவருக்குக் கடிகாரமும் வெப்பமானியும்தான் கண்கள். இன்று நாம் பயன்படுத்தும் ஃபிலிம்களில் பெரும்பாலானவை பான்குரோமாட்டிக் வகையைச் சேர்ந்தவை. மூடிய டாங்குக்குள் நடப்பதை நாமும் பார்ப்பதில்லை.

வெப்பநிலை நேரத்தை மட்டும் மாற்றுவதில்லை என்பதையும் சொல்லவேண்டும். டி-76 போன்ற டெவலப்பர்களில் மெட்டால், ஹைட்ரோகுவினோன் என்ற இரண்டு வினைப்பொருள்கள் சேர்ந்து வேலை செய்கின்றன. மெட்டால் குளிரையும் சூட்டையும் அவ்வளவாகப் பொருட்படுத்தாது. ஹைட்ரோகுவினோன் அப்படியில்லை; சூடு ஏறினால் மிக வேகமாகத் துடிப்பாகும், 12, 13 டிகிரிக்குக் கீழே போனால் ஏறக்குறைய உறங்கிவிடும். ஆகவே மிகக் குளிர்ந்த டெவலப்பரில் நேரத்தை எவ்வளவு நீட்டினாலும் நெகட்டிவ் சோகையாகவே வரும், ஏனென்றால் இரண்டு பேர் இழுக்கவேண்டிய தேரை ஒருவர் இழுத்துக்கொண்டிருக்கிறார். 18 முதல் 24 வரையான எல்லைக்குள் நேரத்தைக் கூட்டிக் குறைத்து ஈடுகட்டலாம். அதற்கு வெளியே போகப்போக அட்டவணையின் வாக்கு பலிப்பது குறையும்.

இனி வெப்பமானி. இருட்டறையில் உள்ள கருவிகளில் அதிகம் நம்பப்படுவதும் குறைவாகச் சோதிக்கப்படுவதும் இதுதான். என்னிடம் இருந்த இரண்டு வெப்பமானிகளை ஒரே குவளையில் நிறுத்தியபோது ஒன்றுக்கொன்று ஒன்றரை டிகிரி வித்தியாசம் காட்டின. எது பொய் சொல்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. வாலை வடிநீரில் செய்த பனிக்கட்டியைப் பொடியாக உடைத்து, ஒரு குவளை நிறையப் போட்டு, இடைவெளிகள் நிரம்பும் அளவுக்கு மட்டும் வடிநீர் ஊற்றிக் கலக்கினால் கூழ் போன்ற ஒரு கலவை கிடைக்கும். சில நிமிடம் கழித்து அதன் நடுவில், அடியிலோ சுவரிலோ படாமல் வெப்பமானியைப் பிடித்தால் அது பூஜ்யம் காட்டவேண்டும். என்னுடையவற்றில் ஒன்று பூஜ்யத்தையும் மற்றொன்று ஒன்றரையையும் காட்டின. நான் இரண்டு ஆண்டுகளாக நம்பியிருந்தது இரண்டாவதை.

பூஜ்யத்தில் சரியாக இருப்பது 20-இலும் சரியாக இருக்கும் என்பதற்கு முழு உறுதி இல்லை. ஆகவே மேல்முனையிலும் ஒரு முறை பார்ப்பது நல்லது. காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி 37 டிகிரியை ஒட்டிய பகுதியில் நல்ல துல்லியம் உடையது. வெதுவெதுப்பான நீரில் அதையும் இருட்டறை வெப்பமானியையும் சேர்த்து நிறுத்தி ஒப்பிடலாம். இரண்டு முனைகளிலும் வித்தியாசம் ஒன்றாகவே இருந்தால் அந்த எண்ணை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வெப்பமானியின் உறையில் ஒட்டிவிட்டு, அதைக் கழித்தோ கூட்டியோ பயன்படுத்தலாம், புதிதாக வாங்கவேண்டியதில்லை. சிவப்பு அல்லது நீல ஸ்பிரிட் நிரப்பிய கண்ணாடி வெப்பமானிகளில் திரவ இழை நடுவில் அறுந்துபோவது வழக்கமான குறை. அறுந்த துண்டு மேலே ஒட்டிக்கொண்டிருந்தால் அளவு தவறாகவே காட்டும். பாதரச வெப்பமானி துல்லியமானதுதான், ஆனால் இருட்டில் கை தவறி உடைந்தால் துப்புரவு செய்வது பெரும்பாடு. நான் இப்போது கம்பி முனை உள்ள டிஜிட்டல் வெப்பமானியை வைத்துக்கொண்டு, ஆண்டுக்கு இரண்டு முறை பனிக்கட்டிக் கூழில் சோதிக்கிறேன். எதை வைத்திருந்தாலும், அளக்கும் முன் கரைசலைக் கலக்கவேண்டும். கலக்காத குவளையில் மேலே ஒரு சூடும் அடியில் ஒரு சூடும் இருக்கும்.

டெவலப்பரைத் தேவையான சூட்டுக்குக் கொண்டுவருவதில் பலரும் வீணாகப் பாடுபடுகிறார்கள் என்பது என் எண்ணம். குவளையைப் பனிக்கட்டித் தொட்டியில் நிறுத்திவைத்துக் காத்திருப்பது, 19-க்கு இறங்கிவிட்டது என்று மறுபடி வெந்நீரில் வைப்பது, பிறகு 21 ஆகிவிட்டது என்று திரும்பவும் இறக்குவது என்று அரை மணி நேரம் ஓடிவிடும். டெவலப்பரை நீர்த்துப் பயன்படுத்துபவருக்கு இந்தத் தொல்லையே வேண்டாம், ஏனென்றால் நீர்க்கும் நீரே சூட்டைச் சரிசெய்யும் கருவியாகிறது. ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் 600 மி.லி. வேண்டும், மூலக்கரைசல் 300 மி.லி. 28 டிகிரியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கலவை 20-இல் வரவேண்டுமானால், சேர்க்கும் 300 மி.லி. நீர் 12 டிகிரியில் இருந்தால் போதும். இரண்டின் சராசரி 20. ரோடினால் போன்ற அடர்கரைசலை ஒன்றுக்கு ஐம்பது என்று நீர்க்கும்போது இன்னும் எளிது. அடர்கரைசலின் பங்கு மிகச் சிறிது என்பதால், நீரின் சூடுதான் கலவையின் சூடு.

குளிர்ந்த நீர் கைவசம் இல்லை, பனிக்கட்டி மட்டுமே இருக்கிறது என்றாலும் கணக்கு நமக்குக் கைகொடுக்கும். ஒரு கிராம் பனிக்கட்டி உருகுவதற்கே ஏறத்தாழ 80 கலோரி வெப்பத்தை உறிஞ்சுகிறது. உருகிய நீர் பூஜ்யத்திலிருந்து 20 டிகிரிக்கு ஏற மேலும் 20 கலோரி. ஆக ஒரு கிராமுக்கு 100. 28 டிகிரியில் இருக்கும் திரவம் 20-க்கு இறங்கும்போது கிராமுக்கு 8 கலோரி விடுகிறது. மொத்தம் 600 கிராம் கலவையில் 44 கிராம் பனிக்கட்டியாகவும் மீதி 556 கிராம் 28 டிகிரித் திரவமாகவும் இருந்தால் கணக்கு நேராகிறது. உறைபெட்டியிலிருந்து நேரே எடுத்த பனிக்கட்டி பூஜ்யத்துக்கும் வெகு கீழே இருக்கும் என்பதால் 40 கிராம் அளவே போதும். இங்கே ஒன்றை மறக்கக்கூடாது: பனிக்கட்டியும் நீர்தான். நீர்க்கவேண்டிய 300 மி.லி. நீரில் அதன் எடையைக் கழித்துக்கொள்ளாமல், கலந்து முடித்த டெவலப்பரில் மேலும் இரண்டு கட்டிகளைப் போடுகிறவர், சூட்டைக் குறைத்த கையோடு கரைசலையும் நீர்த்துவிடுகிறார். நீர்க்காமல் பயன்படுத்தும் டெவலப்பருக்குப் பனிக்கட்டியைச் சிறிய பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி உள்ளே மிதக்கவிட்டுக் கலக்குவதே சரி.

குவளையில் 20 காட்டியது டாங்கில் ஏன் ஏறுகிறது என்ற கேள்விக்கு வருகிறேன். முதல் காரணம் டாங்கேதான். அறையில் கிடந்த டாங்கும், அதனுள் ஃபிலிமைச் சுற்றிவைக்கும் சுருளியும் அறையின் சூட்டில்தான் இருக்கும். அவை 200 கிராம் பிளாஸ்டிக் என்று கொண்டால், பிளாஸ்டிக்கின் வெப்பக் கொள்ளளவு நீரினுடையதில் பாதிக்கும் குறைவு என்பதால், ஏறத்தாழ 80 மி.லி. சுடுநீரை ஊற்றியதற்குச் சமம். 32 டிகிரியில் இருக்கும் 80 மி.லி. நீரை 20 டிகிரியில் இருக்கும் 600 மி.லி. டெவலப்பரில் ஊற்றினால் கலவை ஏறத்தாழ ஒன்றரை டிகிரி ஏறும். கடிகாரத்தைத் தொடங்குவதற்குள்ளேயே நாம் தோற்றுவிடுகிறோம். இரண்டாவது காரணம் கை. ஒவ்வொரு நிமிடமும் டாங்கை எடுத்துக் கவிழ்க்கும் கை 30 டிகிரிக்கு மேல் சூடுடையது. உள்ளங்கையால் அணைத்துப் பிடித்தால் அது ஒரு சிறு அடுப்பு. மூடியையும் அடிப்பாகத்தையும் விரல்நுனிகளால் பிடித்துக் கவிழ்க்கப் பழகுவது நல்லது. மூன்றாவது காரணம் சுற்றியுள்ள காற்று.

மூன்றுக்கும் ஒரே மருந்து நீர்த்தொட்டி. அகலமான ஒரு வாளியிலோ தொட்டியிலோ எட்டு, பத்து லிட்டர் நீரை வேண்டிய சூட்டில் வைத்து, அதில் ஃபிலிம் ஏற்றிய டாங்கையும், டெவலப்பர், அதன் வேலையை நிறுத்தும் ஸ்டாப் பாத், படத்தை நிலைப்படுத்தும் ஃபிக்ஸர் ஆகியவற்றின் குவளைகளையும் ஒன்றாக நிறுத்திவிடவேண்டும். பெரிய நீர்ப்பரப்பு சோம்பேறி. அறை எவ்வளவு காய்ந்தாலும் அது மெதுவாகத்தான் அசையும். என் அறையில் எட்டு லிட்டர்த் தொட்டி பத்து நிமிடத்தில் அரை டிகிரிக்கு மேல் ஏறுவதில்லை. டாங்கைத் தொட்டியில் எவ்வளவு நேரம் வைப்பது என்பது டாங்கைப் பொறுத்தது. எஃகு டாங்க் வெப்பத்தை உடனே கடத்தும். சில நிமிடங்களில் தொட்டியின் சூட்டுக்கு வந்துவிடும், ஆனால் தொட்டிக்கு வெளியே எடுத்தால் அதே வேகத்தில் அறையின் சூட்டுக்கும் போய்விடும். பிளாஸ்டிக் டாங்க் மந்தம். அதற்குக் கால் மணி நேரமாவது கொடுக்கவேண்டும். உலர்ந்த டாங்க் மிதக்கும் என்பதால் மேலே ஏதாவது கனமானதை வைக்கவேண்டியிருக்கும். என் முதல் முயற்சியில் டாங்க் சாய்ந்து மிதந்து, மூடிக்குழாய் வழியே தொட்டிநீர் உள்ளே போய்விட்டது.

டெவலப்பருக்கு முன் அதே சூட்டுள்ள நீரை ஊற்றி, ஒரு நிமிடம் வைத்துக் கொட்டிவிடுவதும் ஒரு வழி. டாங்கும் சுருளியும் ஃபிலிமும் ஒரே அடியில் சமநிலைக்கு வந்துவிடும். ஆனால் எல்லாத் தயாரிப்பாளர்களும் இந்த முன்நனைப்பை ஏற்பதில்லை. டெவலப்பர் சீராகப் பரவாமல் போகலாம் என்று இல்ஃபோர்ட் தன் ஃபிலிம்களுக்கு இதைப் பரிந்துரைப்பதில்லை. நான் முன்நனைத்த சுருள்களில் சீரின்மை எதையும் கண்டதில்லை என்றாலும், இப்போது உலர்ந்த டாங்கைத் தொட்டியில் நிறுத்துவதையே பின்பற்றுகிறேன். அது கூடுதல் நேரத்தைத் தவிர வேறு எதையும் கேட்பதில்லை.

இவ்வளவு ஏற்பாடும் 20 டிகிரியைப் பிடித்துவைப்பதற்காக என்று எண்ணினால் அது என் பழைய பிழை. அறை 31-இல் இருக்கும்போது 20-ஐப் பிடித்துவைக்கப் பதினோரு டிகிரிக்கு எதிராகப் போராடவேண்டும். 24-ஐத் தேர்ந்தெடுத்தால் ஏழு டிகிரிதான். வெப்பம் கசியும் வேகம் இந்த வித்தியாசத்தைப் பொறுத்தது என்பதால், போராட்டம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடுகிறது. ஆகவே வெயில் காலத்தில் நான் 24-இலும் சில நாள்களில் 26-இலும் டெவலப் செய்கிறேன். இதில் உள்ள இடர் நேரம் மிகவும் சுருங்கிவிடுவதுதான். ஐந்து நிமிடத்துக்குக் குறைந்தால், ஊற்றவும் கொட்டவும் ஆகும் விநாடிகளே மொத்த நேரத்தில் பெரும்பங்காகி, நெகட்டிவில் திட்டுத்திட்டாகச் சீரின்மை தோன்றும். அதற்குத் தீர்வு டெவலப்பரை நீர்த்துவிடுவது. இல்ஃபோர்ட் எச்பி5 பிளஸ் ஃபிலிமுக்கு நீர்க்காத ஐடி-11 டெவலப்பரில் 20 டிகிரியில் 7½ நிமிடம். 26 டிகிரியில் அது நாலரை நிமிடத்தைச் சற்றே தாண்டும், அதாவது ஆகாது. அதே டெவலப்பரை ஒன்றுக்கு ஒன்று நீர்த்தால் 20 டிகிரியில் 13 நிமிடம். 24-இல் ஏறத்தாழ 9½. 26-இல் கூட ஏறத்தாழ 8 நிமிடம் கிடைக்கிறது. எட்டு நிமிடம் என்பது நிதானமாக வேலை செய்யப் போதுமான நேரம்.

நேரத்தை மாற்றிக் கணக்கிட நான் வைத்திருக்கும் பெருக்கல் எண்களைச் சொல்லிவிடுகிறேன். 20 டிகிரிக்கான நேரத்தை 18-க்கு 1.18-ஆலும், 22-க்கு 0.85-ஆலும், 24-க்கு 0.72-ஆலும், 26-க்கு 0.62-ஆலும் பெருக்குகிறேன். இது பொதுவான நடுத்தரக் கணக்கு. ஒவ்வொரு டெவலப்பரும் இதிலிருந்து சற்று விலகும். தயாரிப்பாளரின் அட்டவணையில் அந்தச் சூட்டுக்கு நேரம் கொடுக்கப்பட்டிருந்தால் அதற்கே முதல் மரியாதை. டெவலப் செய்யும்போது சூடு நகர்ந்தே தீரும் என்றால், தொடக்கத்துக்கும் முடிவுக்கும் நடுவான சூட்டை எடுத்துக்கொண்டு நேரத்தைக் கணக்கிடலாம். அல்லது அரை டிகிரி கீழே தொடங்கி அரை டிகிரி மேலே முடியும்படி செய்யலாம்.

குளிர் நாள்களின் சிக்கலைக் கடப்பது எளிது. தொட்டி நீரில் மீன் தொட்டிக்கான சூடேற்றியைப் போட்டுவிட்டால் அது தானே பார்த்துக்கொள்ளும். சமையலுக்கான நீர்ச்சுழற்சிச் சூடேற்றி வைத்திருப்பவர்கள் அதையே நிறுத்தி, பத்தில் ஒரு டிகிரிக்குக் கட்டுப்படுத்துகிறார்கள். 37.8 டிகிரியிலிருந்து 0.15 டிகிரிகூட விலகக்கூடாத சி-41 வண்ண ஃபிலிமுக்கு அது தேவைதான்; கறுப்பு வெள்ளைக்கு அரை டிகிரி தவறினாலும் ஐந்து விழுக்காட்டுக்குள்தான் அடங்கும். குளிர்விப்பதைவிடச் சூடேற்றுவது எளிது என்பதால், இந்த விஷயத்தில் குளிர்ந்த அறை உடையவர்களைப் பார்த்து எனக்குச் சற்றுப் பொறாமை உண்டு.

டெவலப்பருக்குப் பின் வரும் கரைசல்களில் வெப்பநிலையின் வேலை வேறு. ஸ்டாப் பாத் 18-இல் இருந்தாலும் 23-இல் இருந்தாலும் அதன் அமிலம் டெவலப்பரின் காரத்தை முறித்துவிடும். ஆனால் ஃபிலிமின் மேலிருக்கும் ஒளியுணர் பூச்சான எமல்ஷன் ஜெலட்டினால் ஆனது. சூடான காரக்கரைசலில் அது ஊறி உப்பி மென்மையாகிறது. அப்படி உப்பிய ஜெலட்டினைத் திடீரென்று பத்துப் பன்னிரண்டு டிகிரி குளிர்ந்த கரைசலில் போட்டால், வறண்ட குளத்தின் சேறு வெடிப்பதுபோல நுண்ணிய வலைப்பின்னலாகச் சுருங்கும். இதை ரெட்டிகுலேஷன் என்கிறார்கள். நன்றாக இறுக்கப்பட்ட எமல்ஷனோடு வரும் இன்றைய ஃபிலிம்களில் இதை வேண்டுமென்றே வரவழைப்பதுகூடக் கடினம். ஆனாலும் சில ஃபிலிம்களின் எமல்ஷன் இன்றும் மென்மையானது. வலை விழாவிட்டாலும் துகள்கள் சற்றுத் திரண்டு தெரியலாம் என்ற ஐயம் இருப்பதால், எல்லாக் கரைசல்களையும் ஒன்றுக்கொன்று இரண்டு மூன்று டிகிரிக்குள் வைத்துக்கொள்கிறேன். ஒரே தொட்டியில் எல்லாக் குவளைகளையும் நிறுத்தினால் இது தானாகவே நடந்துவிடும். குழாய் நீர் வெகுவாக வேறுபட்ட சூட்டில் வந்தால், கழுவும்போது ஒரே அடியாகத் திறந்துவிடாமல், மூன்று நான்கு நிரப்புதல்களில் படிப்படியாக அதற்கு இறங்கவோ ஏறவோ செய்யலாம்.

ஃபிக்ஸரைப் பற்றி ஒரு வேடிக்கை. ஹைப்போ எனப்படும் சோடியம் தயோசல்பேட் படிகங்கள் நீரில் கரையும்போது வெப்பத்தை உறிஞ்சுகின்றன. அறைச் சூட்டு நீரில் நிறையப் படிகங்களைக் கொட்டிக் கலக்கினால் குவளையைக் கையில் பிடிக்க முடியாத அளவுக்குச் சில்லிட்டுப்போய், அதன் பிறகு கரைவதும் நின்றுவிடும். அதனால்தான் வெதுவெதுப்பான நீரில் கரைக்கச் சொல்கிறார்கள். எதிர்ப்பக்கம், அமிலம் சேர்ந்த ஃபிக்ஸரை அதிகம் சூடாக்கினால் கந்தகம் பிரிந்து பால்போல் கலங்கிவிடும். அதைக் கொட்டத்தான் வேண்டும். ஃபிக்ஸர் நேரத்துக்கு அட்டவணை பார்ப்பதைவிட நல்ல வழி உண்டு. ஃபிலிமின் நுனியில் வெட்டிய துண்டை அன்றைய ஃபிக்ஸரில் போட்டு, பால்நிறம் மறைந்து தெளிவதற்கு எத்தனை விநாடி ஆகிறது என்று பார்த்து, அதைப்போல் இரண்டு மடங்கு நேரம் வைத்தால் போதும். கரைசலின் சூடு, பழமை, அடர்த்தி எல்லாம் அந்தத் துண்டு தெளியும் நேரத்துக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன.

தாளில் படம் அச்சிடும்போது நிலைமை மாறுகிறது. தாள் ஏறத்தாழ முழுமையாக டெவலப் ஆகும் வரை வைக்கப்படுவதால், ஒன்றிரண்டு டிகிரி அதை அவ்வளவாகப் பாதிக்காது. ஆனால் தாளை டெவலப் செய்யும் டிரே அகலமானது, ஆழமற்றது. ஒரு லிட்டர் கரைசல் பெரிய பரப்பில் விரிந்து கிடக்கிறது. வறண்ட காற்றில் ஆவியாதலால் அது அறையின் சூட்டுக்கும் கீழே இறங்கிவிடும். முதல் படத்துக்கும் பத்தாவது படத்துக்கும் கறுப்பின் ஆழம் மாறிக்கொண்டே வருவதற்கு டெவலப்பர் களைத்துப்போனது மட்டும் காரணமாக இருக்காது. ஒரு பெரிய டிரேயில் நீர் ஊற்றி அதன்மேல் டெவலப்பர் டிரேயை மிதக்கவைத்தால் இறக்கம் மட்டுப்படும்.

இன்னொரு வழி வெப்பமானியையே ஒதுக்கிவைப்பது. இங்கிலாந்தின் ஹியர்ஃபோர்டைச் சேர்ந்த ஆல்ஃபிரட் வாட்கின்ஸ் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தகடுகளுக்காக வகுத்த காரணி முறை இது. படத்தின் முதல் சாயல் தோன்றும் விநாடியைக் குறித்துக்கொண்டு, அதை ஒரு நிலையான எண்ணால் பெருக்கி மொத்த நேரத்தைப் பெறவேண்டும். சரியான சூட்டில் 12 விநாடியில் சாயல் தோன்றி, 72 விநாடியில் எனக்குப் பிடித்த கறுப்பு வந்தது என்றால் என் காரணி 6. டெவலப்பர் குளிர்ந்து சாயல் 18 விநாடியில் தோன்றினால் 108 விநாடி வைக்கிறேன். டெவலப்பர் களைத்தாலும் இதே கணக்கு ஓரளவு ஈடுகொடுக்கிறது. சிவப்பு விளக்கில் படம் போதுமான கறுப்பாகத் தெரிகிறதே என்று பாதியில் பிடுங்கி எடுக்கும் ஆசையை அடக்கவும் இது உதவுகிறது. அந்த ஒளியில் படம் உண்மையில் இருப்பதைவிடக் கறுப்பாகவே கண்ணுக்குப் படும்.

தூள் டெவலப்பரைக் கரைப்பதிலும் சூட்டுக்கு இடம் உண்டு. டி-76 தூளை 50 டிகிரிக்குச் சற்று மேலான நீரில் கரைக்கவேண்டும், ஐடி-11-க்கு 40 போதும். கரைத்த உடனே புட்டியின் கழுத்துவரை நிரப்பி மூடிவிட்டேன் என்று திருப்தியோடு போய், மறுநாள் வந்து பார்த்தால் மேலே காற்று புகுந்திருக்கும், அல்லது மெல்லிய பிளாஸ்டிக் புட்டி உள்ளொடுங்கியிருக்கும். 50-லிருந்து 20-க்கு இறங்கும்போது நீர் ஏறத்தாழ ஒரு விழுக்காடு, லிட்டருக்குப் பத்து மி.லி., சுருங்குகிறது. ஆறிய பிறகு ஒரு லிட்டர்க் கோட்டுக்கு நீர் ஊற்றி நிறைத்து, பின் புட்டியில் அடைப்பதே முறை. ஆறுவதற்கு முன் அந்தக் கரைசலில் ஃபிலிமைப் போடும் அவசரமும் வேண்டாம். குளிர்ப்பெட்டியில் வைத்து ஆற்றவும் வேண்டாம். அதிகம் குளிர்ந்தால் கரைந்தவை மறுபடி படிகமாக அடியில் இறங்கும்.

என் குறிப்பேட்டில் ஒவ்வொரு சுருளுக்கும் இப்போது நான்கு எண்கள் இருக்கின்றன: அறையின் சூடு, ஊற்றும்போது டெவலப்பரின் சூடு, கொட்டும்போது அதன் சூடு, நேரம். முன்பு இரண்டே எண்கள்தாம் இருந்தன. அந்தக் கன்னங்கரேலென்ற நெகட்டிவ் சுருளின் பக்கத்தில் '20 டிகிரி, 10 நிமிடம்' என்று அன்று எழுதியது அப்படியே இருக்கிறது. அதன் பக்கத்தில் பென்சிலால் '23.5 ஆகியிருக்கலாம்' என்று பின்னர் எழுதிவைத்தேன். அந்தச் சுருளிலிருந்து ஒரு படத்தை, கான்ட்ராஸ்டைக் குறைக்கும் மிக மென்மையான கிரேடு ஃபில்டர் போட்டு, போன வாரம்தான் ஒருவழியாக அச்சிட்டு முடித்தேன். வானத்தில் மேகம் இருந்ததே அப்போதுதான் தெரிந்தது.